அறையை அளக்க ஏழாவது மென்பொருள்

காலிப் பேருந்தில் ஏறி, ஜன்னலோரமா, முன்பக்கமா, வெயில் எந்தப் பக்கம் என்று எல்லா இருக்கைகளையும் ஒப்பிட்டுப் பார்த்து, எதிலும் உட்காராமல் செங்கம் வரை நின்றுகொண்டே வருபவரைப் பார்த்திருப்பீர்கள். அவர்தான் ஒப்பீட்டுக்காரர். இந்த இனம் எல்லா ஊரிலும் உண்டு. ஆனாலும் வேங்கிக்கால் மாறனைப்போல் ஓர் உயர்ந்த ரகம் கிடைப்பது அரிது.

2004-இல் மாறன் மாடியில் ஒலிப்பதிவு அறை ஒன்று கட்டினான். வெறும் சுவர்கள். ஒருமுறை தும்மினால் அறை மூன்றுமுறை தும்மும். அவன் மனைவி கஸ்தூரி பாடகி. வானொலிக் குரல் தேர்வுக்குப் பாட்டைப் பதிந்து அனுப்ப வேண்டும்.

"முதல்ல ரூமை அளக்கணும்" என்றான் மாறன். எதிரொலியை அளந்து கோடு போட்டுக் காட்ட மென்பொருள் உண்டாம். சரி, எந்த மென்பொருள்?

அங்கேதான் பிடித்தது பைத்தியம்! பெரிய தெரு பிரௌசிங் சென்டரில் ஒன்றை இறக்கினான். கோடுகள் அழகு, ஆனால் இவன் மைக்கோடு ஒத்துப்போகுமா என்று சந்தேகம். இன்னொன்றை இறக்கி, அதன் இருநூறு பக்க விளக்கத்தை அச்செடுத்து, பைண்டு போட்டு, பச்சை மையில் அடிக்கோடிட்டு நிமிர்ந்தால், முப்பது நாள் இலவசக் கெடு தீர்ந்து திரை பூட்டிக்கொண்டது. மூன்றாவதும் அப்படியே. ஆறு மாதம், ஆறு மென்பொருள். அளந்த அறை? ஒன்றுமில்லை. அதற்குள் ஒரு குரல் தேர்வு கைநழுவிப் போனது. அடுத்ததற்கு இந்த வெள்ளிக்கிழமை கடைசி.

"ஏழாவதுல எல்லாமே இருக்குது கஸ்தூரி!"

"நான் பாடறதுக்கு ஒரு நாள் இருக்குதா, அதைச் சொல்லு."

வியாழக்கிழமை அவன் பிரௌசிங் சென்டருக்குப் போனதும், அவள் மெத்தைக்கடை ஃபைஸை அழைத்து வந்தாள். அவர் வாசலில் நின்று ஒருமுறை கைதட்டினார்.

"சத்தம் ஜாஸ்தியா திரும்புதுங்க அக்கா. பஞ்சு மெத்தை நாலு சாத்துனா கம்மியாயிடும்."

"எந்த சாப்ட்வேர்ல பாத்தீங்க பாய்?"

"கையிலதாங்க!"

மெத்தைகளைச் சாத்தினார்கள். அறை அடங்கியது. கஸ்தூரி தொண்டையைச் செருமிக்கொண்டாள். கதவு படீரென்று திறந்தது.

"எடு, எடு! மெத்தைக்கு முன்னாடி எப்படி இருந்துச்சுனு அளக்காம, பின்னாடி எப்படி இருக்குதுனு எப்படித் தெரியும்?"

நான்கு மெத்தைகளையும் மாடிப்படிக்கு இழுத்துப் போட்டுவிட்டு, ஏழாவதைத் திறந்தான். 'உங்கள் மைக்கைத் தேர்ந்தெடுக்கவும்' என்றது அது. பட்டியலில் முப்பத்தெட்டு மைக். மாறன் கன்னத்தில் கைவைத்து உட்கார்ந்தான்.

கஸ்தூரி மைக்கையும் பதிவுக் கருவியையும் தூக்கிக்கொண்டு படிக்கட்டுக்குப் போனாள். மெத்தைகளை நாலாபுறமும் நிறுத்தி, நடுவில் உட்கார்ந்து, முழுப் பாட்டையும் பாடி முடித்தாள். சாயங்காலத் தபாலில் அனுப்பியும் விட்டாள்.

தேர்வானதாகக் கடிதம் வந்த அன்று, ஏழாவது பூட்டிக்கொண்டது.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் இந்தப் பக்கத்தில் நிற்குமுன் புத்தகத்தை எத்தனை தடவை புரட்டினீர்கள், எதை முதலில் படிக்கலாம் என்று? அடுத்ததைப் புரட்டுமுன் படிக்கட்டை எட்டிப் பாருங்கள். உங்கள் வீட்டில் யாராவது மெத்தையைத் தூக்கிக்கொண்டு போகிறார்களா?