மாதாவுக்குக் கீழே ஒரு கானபா அனுமதி

அன்றைக்கு எனக்கு இருந்தது ஒரேயொரு வேலை. மூன்று செடிகளைக் கொண்டுபோய்ப் பலெர்மோ விவசாயக் கந்தோரில் கொடுக்க வேண்டும்.

செடி கொடுப்பதில் என்ன பிழை வரும் என்று நினைப்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

முதலில் செடியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அதன் பெயர் கானபா. நாருக்காக வளர்ப்பது. கயிறு திரிக்கலாம், துணி நெய்யலாம். கஞ்சாவுக்கு உடன்பிறப்பு. அதே உயரம், அதே இலை, ஏறக்குறைய அதே மணம். ஆனால் புகைத்தால் இருமல் மட்டும்தான் வரும்.

தொண்ணூறுகளின் கடைசியில் இதைப் பயிரிட இத்தாலி அரசாங்கம் மறுபடியும் இடம் கொடுத்தது. நான் வீட்டுவேலை செய்தது மொண்டெல்லோக் கடற்கரையில்; வீட்டு அம்மாவை இந்த ஊர் வழக்கப்படி சிஞ்ஞோரா என்பேன். அவருக்கு நகரத்துக்கு வெளியே கொஞ்சம் நிலம் இருந்தது. உடனே விதைத்துவிட்டார்.

ஆனால் அரசாங்கம் இடம் கொடுத்தது கடதாசியில். அனுமதிக் கடதாசி கூடவே வராமல் செடி எங்கேயும் போகக் கூடாது. அறுவடைக்கு முதல் மாதிரிச் செடிகளைச் சோதனைக்குக் கொடுக்க வேண்டும். அதற்குக் கடைசி நாள் அந்த வெள்ளிக்கிழமை. கந்தோர் மத்தியானத்தோடு பூட்டிவிடும். தவறினால் முழுப் பயிரையும் அழித்துவிட வேண்டியதுதான்.

சிஞ்ஞோரா கால் சுளுக்கிப் படுத்திருந்தார். வியாழக்கிழமை பின்னேரம் செடிகளையும் ஒரு நீலக் கடித உறையையும் என்னிடம் தந்தார்.

"மாத்தில்டா, ஆராவது கேட்டால் இந்தக் கடதாசியைக் காட்டு. ஒழுங்காய்க் குடுத்திட்டு வா. வந்தவுடனை உன்ர வேலைக் கடிதத்திலை கையெழுத்து வைக்கிறன்."

அந்த வேலைக் கடிதம் இல்லாவிட்டால் என் வதிவிட அனுமதியை, அதாவது பெர்மெஸ்ஸோவை, புதுப்பிக்க முடியாது. பெர்மெஸ்ஸோ முடிய இன்னும் சில நாள்தான் இருந்தது. அது இல்லாவிட்டால் இத்தாலியில் நானும் இல்லை. ஆகவே சிஞ்ஞோராவின் பயிர், என் இருப்பு எல்லாமே அந்த மூன்று செடிகளில் தொங்கின.

பலெர்மோவில் சீசா என்ற பகுதியில் எங்கள் வீடு. சின்னது. செடிகளோ என்னைவிட உயரம். குளிக்கும் தொட்டிக்குள் தண்ணீர் விட்டு நிறுத்தினேன்.

என் கணவர் மரியதாஸ் மன்னார்க்காரர். குளியலறைக் கதவைத் திறந்தவர் அப்படியே மூடினார்.

"இஞ்சாரும், தொட்டிக்குள்ளை கஞ்சா நிக்குது."

"அது கஞ்சா இல்லை, கானபா. அரசாங்கமே விட்டது."

"மன்னாரிலை இதைக் கண்டால் நேவி வெடி வைக்கும்."

"இஞ்சை கடதாசி இருக்கு."

"அப்ப கடதாசியைக் கதவிலை ஒட்டும். நான் குளிக்கவேணும்."

நான் ஒட்டவில்லை. அதைவிட நல்ல இடம் எங்களிடம் இருந்தது.

எங்கள் வீட்டில் ஒரு வழக்கம். கந்தோருக்குப் போகிற எந்தக் கடதாசியும் முதல்நாள் இரவு மடு மாதா படத்துக்குக் கீழே படுத்து எழும்ப வேண்டும். பக்கத்தில் மெழுகுதிரி எரியும். எங்கள் மாதாவுக்குக் கீழே கிடந்த கடதாசி, பெர்மெஸ்ஸோ கொடுக்கிற பொலிஸ் தலைமையகமான குவெஸ்தூராவில் இருந்து திரும்பி வந்ததாகச் சரித்திரம் இல்லை. அதனால் அக்கம்பக்கத்துச் சனமும் தங்கள் கடதாசிகளைக் கொண்டுவந்து வைப்பார்கள். முருகனைக் கும்பிடுகிற மேல்மாடி மொரிசியஸ் அக்காகூட, மகனுடைய கார்ச் சோதனை அட்டையை வைத்திருந்தார். முருகனுக்கு இந்த ஊர் ரோட்டுப் பழக்கமில்லையாம்.

உறைக்குள் இருந்தால் ஆசீர்வாதம் உள்ளே போகாது. ஆகவே அனுமதியை வெளியே எடுத்து, விரித்து, மாதாவுக்குக் கீழே வைத்தேன். காலையில் அங்கே மேலாகக் கிடந்த தாளை மடித்து உறைக்குள் போட்டேன்.

பிரித்துப் பார்த்தேனா? இல்லை. மாதா பிழையான தாளை மேலே வைப்பாவா?

செடிகளைப் பழைய சீலை ஒன்றால் சுற்றிக்கொண்டு பஸ் ஏறினேன். சீலை இடுப்பளவுக்குத்தான் வந்தது. மேலே இலைகள் விசிறிபோல விரிந்து நின்றன. பஸ் நிறைய மணம்.

பின்னால் இருந்த இளைஞன் ஒருவன் எழும்பி வந்தான்.

"சிஞ்ஞோரா, விக்கிறியளோ?"

"விக்கிறேல்லை. கந்தோரிலை குடுக்கப் போறன்."

"எந்தக் கந்தோர்? எனக்கும் அங்கை ஒரு வேலை எடுத்துத் தாங்கோ!"

பஸ் சிரித்தது. பக்கத்திலிருந்த கிழவி ஒரு இலையைத் தடவி, விரலை மோந்து பார்த்தாள்.

"பிள்ளை, எனக்கு முழங்கால் வருத்தம். ரெண்டு இலை தாவன்."

"ஏலாது அம்மா. இது அரசாங்கத்துக்குப் போற செடி."

"அரசாங்கத்துக்கு என்ன முழங்காலே இருக்கு?"

நான் இறங்க வேண்டிய தரிப்பில் இரண்டு பொலிஸ்காரர் நின்று கோப்பி குடித்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் மீசைக்காரர், மற்றவர் சின்னப் பெடியன்.

"குனியுங்கோ, சிஞ்ஞோரா!" என்றான் இளைஞன்.

நான் ஏன் குனிய வேண்டும்? கையில் கடதாசி இருக்கிறது! இறங்கி, நேரே அவர்களிடம் போனேன்.

"போன்ஜோர்னோ. இது கஞ்சா இல்லை," என்றேன்.

அதுவரை அவர்கள் என்னைப் பார்க்கவே இல்லை.

மீசைக்காரர் கோப்பியைக் கீழே வைத்தார். மேலிருந்து கீழாகச் செடியைப் பார்த்தார். பிறகு கீழிருந்து மேலாக என்னைப் பார்த்தார்.

"அப்ப இது என்ன?"

"கானபா. அனுமதி இருக்கு."

பெருமையாக உறையை நீட்டினேன். அவர் தாளைப் பிரித்தார். மேலே மடு மாதாவின் படம். கீழே முழுக்கத் தமிழ். ஞாயிற்றுக்கிழமை நவநாளுக்கு எழுதி, முதல்நாள் படுக்கப்போகும்போது நானே அனுமதியின் மேல் வைத்துவிட்ட மன்றாட்டு!

"இது ஆர் தந்த அனுமதி?" என்று கேட்டார்.

மாதாவைக் காட்டினேன்.

"என்ன எழுதியிருக்கு? வாசியுங்கோ."

வாசித்தேன். வாசித்து வாசித்து இத்தாலியனில் சொன்னேன்: "தாயே, பிற தேசத்தில் நாங்கள் அகப்பட்டு நிற்கும்போது எங்களைக் கைவிடாதேயும்."

பஸ் இன்னும் போகவில்லை. சாரதி கதவைத் திறந்துவைத்து வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆமென்!" என்றாள் உள்ளே இருந்த கிழவி.

பொலிஸ் நிலையத்தில் செடிகளை ஒரு கதிரையில் சாய்த்து வைத்தார்கள். எனக்குச் சுவரோர வாங்குதான் கிடைத்தது. சுவர் மணிக்கூடு பதினொன்றைத் தாண்டியிருந்தது. பயிர் போயிற்று, கையெழுத்துப் போயிற்று, பெர்மெஸ்ஸோவும் போயிற்று என்று வரிசையாக நினைத்துக்கொண்டேன். ஒரு தொலைபேசி அழைப்புக்கு விட்டார்கள். இரவு வேலை முடித்துப் படுத்திருந்த மரியதாஸ் எடுத்தார்.

"இஞ்சாருங்கோ, மாதாவுக்குக் கீழை இருக்கிற எல்லாத்தையும் கொண்டு ஓடி வாங்கோ! நான் பொலிசிலை!"

"நான் சொன்னனான்தானே?"

"பிறகு சொல்லுங்கோ! இப்ப வாங்கோ!"

வந்தார். வீட்டுச் செருப்பு. ஒரு கையில் கடதாசி நிறைந்த கடைப்பை. மறு கையில் சட்டத்தோடு மாதா.

"படத்தை ஏன் கொண்டுவந்தனீங்கள்?"

"கீழை இருக்கிறதெல்லாத்தையும் எடுத்திட்டு, மேலை இருக்கிறவவைத் தனிய விட மனம் வரேல்லை."

பையை மேசையில் கொட்டினார். சீசாத் தமிழரில் பாதிப் பேருடைய வாழ்க்கை அங்கே கிடந்தது. பெர்மெஸ்ஸோப் பிரதிகள், வாடகைக் கடிதம், கார்ச் சோதனை அட்டை, யாரோ ஒருவருடைய லொத்தர்ச் சீட்டு.

அடியில் அனுமதி! ஆனால் முத்திரை இருக்க வேண்டிய இடத்தில், உருகி உறைந்த மெழுகுதான் வட்டமாக இருந்தது.

"முத்திரை எங்கை?" என்றார் மீசைக்காரர்.

"மெழுகுக்குக் கீழை."

"மெழுகு ஏன் வந்தது?"

வேறு வழியில்லை. எங்கள் வழக்கத்தை முதலிலிருந்து சொன்னேன். பெடியன் சிரித்தான். மீசைக்காரர் சிரிக்கவில்லை. தலைக்கு மேலே மாட்டியிருந்த, பலெர்மோவின் காவல் புனிதை சாந்தா ரொசாலியாவின் படத்தை ஒருமுறை பார்த்தார்.

"என்ர அம்மாவும் இப்பிடித்தான். அவவுக்குக் கீழை வைச்சுத்தான் நான் இந்த வேலைக்கே விண்ணப்பிச்சனான்."

பிறகு நகத்தால் மெழுகை மெல்ல மெல்லச் சுரண்டினார். முத்திரை முழுசாக வெளியே வந்தது.

"கந்தோர் பூட்டப் போகுது," என்று அழத் தொடங்கினேன்.

"அழாதையுங்கோ. ஏறுங்கோ."

பொலிஸ் கார், மேலே நீல விளக்கு. பின்சீட்டில் மரியதாஸ், மாதா, நான். மூன்று செடிகளும் யன்னலால் தலையை நீட்டிக் காற்று வாங்கின. தெருச்சனம் பார்த்தது. வழியில் ஒரு தரிப்பில், வீடு திரும்ப பஸ்ஸுக்கு நின்ற அதே கிழவி கைகாட்டினாள்.

விவசாயக் கந்தோரில் அலுவலர் கதவைச் சாத்திக்கொண்டிருந்தார். இரண்டு பொலிஸ்காரர் செடி தூக்கி வருவதைக் கண்டதும் திறப்பைச் சட்டைப்பைக்குள் போட்டார்.

"கடைசியிலை ஒராள்!" என்றார். "மாதிரியைப் பொலிஸ் காவலோடதான் கொண்டுவரவேணும் எண்டு விதியிலை இருக்கு. எல்லாரும் கடைப்பையிலை கொண்டு வருகினம். எல்லாரையும் திருப்பி அனுப்பினனான். ஒழுங்காய் வந்தது நீங்கள் ஒருத்தர்தான்."

நான் மரியதாஸைப் பார்த்தேன். அவர் மாதாவைப் பார்த்தார்.

அன்று பின்னேரமே சிஞ்ஞோரா கையெழுத்து வைத்தார். "மாத்தில்டா, விதியெல்லாம் வாசிச்சிட்டே போனாய்?" என்று அதிசயித்தார். நான் மறுக்கவில்லை.

அடுத்த வாரம் மீசைக்காரர் சீசாவில் எங்கள் வீட்டுக் கதவைத் தட்டினார். பயந்துபோய்த் திறந்தேன். மடித்த தாள் ஒன்றை நீட்டினார். மொண்டெல்லோக் கடற்கரைப் பக்கம் இடமாற்றம் கேட்டு எழுதிய விண்ணப்பம்.

"ஒரு ராத்திரி மட்டும், சிஞ்ஞோரா."

வைத்தேன். மெழுகுதிரியை மட்டும் இப்போது கொஞ்சம் தள்ளிக் கொளுத்துகிறேன்.