குரைப்புச் சான்று

மும்பை செம்பூரின் உயரமான கட்டடங்களில் குடியிருப்பவர்களுக்கு நாய் அலுத்துப்போயிற்று. நாய் வேண்டும், ஆனால் பார்ப்பதற்கு ஓநாயாக இருக்க வேண்டும். லிஃப்டில் ஏறினால் பக்கத்து வீட்டுக்காரர் இறங்கிவிட வேண்டும். அதுதான் அந்தஸ்து.

இந்த ஏக்கத்தை முதலில் புரிந்துகொண்டவன் சுடலைக்கண்ணன். தாராவிவாசி. செம்பூரில் ஒரு கடையில் பணக்கார நாய்களைக் குளிப்பாட்டும் வேலை. ஷாம்பு போடும்போது எஜமானிகள் பேசுவதெல்லாம் காதில் விழும். மூடிக்கிடந்த ஒரு தோல் கோடவுனை வாடகைக்குப் பிடித்தான். சாம்பல் நிறத் தெருநாய் ஒன்றையும், குளிக்க வந்த, ஓநாய் ஜாடையுள்ள ஹஸ்கி நாய் ஒன்றையும் அதன் எஜமானி சம்மதத்தோடு ஜோடி சேர்த்தான்.

பிறந்த குட்டிகளில் காது நிமிர்ந்தவை, வால் தொங்கியவை, கண் மஞ்சளானவை மட்டும் அடுத்த தலைமுறைக்குத் தேறின. வால் சுருண்டவை டீக்கடைகளுக்குப் போயின. ஓநாய் குரைக்காது என்று யாரோ சொன்னார்கள். அதனால் குரைத்த குட்டிகளையும் கழித்தான். பல வருஷம் இப்படிக் கழித்துக் கழித்து வந்து சேர்ந்தவன்தான் ராசா. காட்டில் விட்டால் மான் ஓடும். வீட்டில் குக்கர் விசிலடித்தால் ராசா கட்டிலுக்கடியில் ஓடுவான். சுடலையின் மனைவி செண்பகவல்லி தயிர்சாதம் பிசைந்து ஊட்டினால்தான் சாப்பிடுவான்.

ராசாவின் பிள்ளைகள் செம்பூர் முழுவதும் பரவின. குடியிருப்போர் சங்கத் தலைவி பத்மஜாவே ஒன்று வாங்கினாள். ராசாவை மட்டும் சுடலை யாருக்கும் கொடுக்கவில்லை. பிள்ளையில்லாத வீட்டில் அவன்தான் பிள்ளை.

முறைப்படி இருக்கட்டுமே என்று நாய் லைசென்ஸ் வாங்க வார்டு ஆபீசுக்கு அழைத்துப்போனதுதான் வினை. குமாஸ்தா நாற்காலி மேல் ஏறி நின்றுகொண்டு, “இது எங்கள் இலாகா இல்லை!” என்று கத்தினார்.

மறுநாள் வனவிலங்கு அதிகாரி நகுல் தாராவிச் சந்துக்குள் வலையோடு வந்தார்.

“சாப், இது நாயி சாப். நானே பாத்துப் பாத்து உண்டாக்கினது.”

“நாய் என்றால் குரைக்கச் சொல்.”

செண்பகவல்லி ராசாவின் முகத்தைப் பிடித்துக்கொண்டாள். “ராசா, ஒரே ஒரு தடவ கொரைச்சிருய்யா! எஞ்செல்லம்லா!”

ராசா அவள் கன்னத்தை நக்கினான். பிறகு நகுலுக்குக் கை கொடுத்தான்.

“குறித்துக்கொள்ளுங்கள்,” என்றார் நகுல், உதவியாளரிடம். “மேற்படி பிராணி தோற்றத்தில் ஓநாய். நடத்தையில், நாயாக நடித்துப் பொதுமக்களின் நம்பிக்கையைப் பெற முயல்கிறது. மிகவும் தந்திரமானது.”

டிராம்பே பக்கத்து உயிரியல் பூங்கா ஒன்றில் ராசா கூண்டேறினான். கூட்டம் அலைமோதியது. தயிர்சாதத் தூக்குவாளியோடு போன செண்பகவல்லியைக் காவலாளி திருப்பியனுப்பினான். ஓநாய்க்குத் தயிர் ஆகாதாம். அன்றிலிருந்து அவளும் சரியாகச் சாப்பிடவில்லை. “நீங்கதான அவன் கொரைப்ப எடுத்தீய,” என்று ஒரே ஒரு முறை சொன்னாள். சுடலைக்கு அது போதுமானதாக இருந்தது.

இதற்குள் செம்பூரில் பீதி. ஓநாய் மாதிரி இருக்கிறதே என்று வாங்கியவர்கள், ஐயோ ஓநாய் மாதிரி இருக்கிறதே என்று அலறினார்கள். குரைக்கும் பிராணிகளுக்கு மட்டுமே லைசென்ஸ் என்று வார்டு ஆபீஸ் அறிவித்தது. பத்மஜா தலைமையில் குரைப்புப் பயிற்சி முகாம் தொடங்கிற்று. டாக்டர்களும் வக்கீல்களும் தோட்டத்தில் மண்டியிட்டு, தத்தம் நாய்களின் முகத்துக்கு நேரே குரைத்துக் காட்டினார்கள். நாய்கள் மரியாதையாக உட்கார்ந்து கேட்டன.

பரிசோதனை நாளிலும் நாய்கள் வாய் திறக்கவில்லை. பதற்றத்தில் பத்மஜாதான் குரைத்தாள். குமாஸ்தா விதிப்புத்தகத்தைப் புரட்டினார். குரைப்பொலி கேட்கப்பட வேண்டும் என்றுதான் இருந்தது. யார் வாயிலிருந்து என்று இல்லை. முத்திரை விழுந்தது. பின்னால் நின்றவர்கள் எல்லோரும் வரிசையாகக் குரைத்து லைசென்ஸ் வாங்கினார்கள்.

சுடலையும் போனான்.

“பிராணி எங்கே?”

“கூண்டுல இருக்கு சாப்.”

“சரி, குரை.”

ராசாவை நினைத்துக்கொண்டு குரைத்தான். நன்றாகவே வந்தது. குமாஸ்தாவே ஒரு நிமிஷம் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை லைசென்ஸும் கையுமாகச் சுடலையும் செண்பகவல்லியும் பூங்கா வாசலில் நின்றார்கள். தங்கள் நாய்களின் தகப்பனைப் பார்க்க வந்த செம்பூர்க்காரர்கள் பத்மஜாவோடு பின்னால் டிக்கெட் வரிசையில் இருந்தார்கள். நகுல் லைசென்ஸை வாங்கி, நிதானமாக உரக்கப் படித்தார்.

“குரைத்த பிராணியின் பெயர்: சுடலைக்கண்ணன். இனம்: நாய்.” மடித்துத் திருப்பிக் கொடுத்தார். “ராசா என்ற பெயரே இதில் இல்லை. ஓநாய் இங்கேயே இருக்கும்.”

“அவன ஒரு எட்டுப் பாத்துட்டாவது போறோம் சாப்.”

“அந்த அம்மா போகலாம். நாய்களுக்கு உள்ளே அனுமதி இல்லை.”

செண்பகவல்லி தூக்குவாளியோடு தனியாக உள்ளே போனாள். பத்மஜா கைப்பையைத் திறந்து, இதுவரை படித்தே பார்க்காத தன் லைசென்ஸை எடுத்துப் பார்த்தாள். அடுத்து நின்ற டாக்டரும் எடுத்தார். வக்கீலும் எடுத்தார்.

சற்று நேரத்தில் டிக்கெட் கொடுப்பவர் தலையை நீட்டிப் பார்த்தபோது, வரிசையில் ஒருவரும் இல்லை.