ருவன் மட்டும் வேண்டாம்

இலங்கை உலகக் கிண்ணம் ஜெயித்த வருஷம் அது. விஜயகலா முழுகாமல் இருப்பது தெரிந்த அன்றே அழகமுத்து ஒரு சபதம் போட்டுவிட்டான். பிள்ளைக்கு எந்தப் பேர் வேண்டுமானாலும் வைக்கலாம், மாமனார் பேர் மட்டும் கிடையாது. மாமனார் மாணிக்கம், கல்யாணப் பந்தியே கேட்கும்படி, மாப்பிள்ளை மேல் ரப்பர் புகை நாற்றம் அடிக்குது என்று சொன்னவர். அழகமுத்துவுக்கு யட்டியாந்தோட்டைப் பக்கத்து எஸ்டேட்டில் ரப்பர் ஷீட்டுக்குப் புகை போடுகிற வேலை. நாற்றம் உண்மைதான். அதனால்தான் கோபம் ஆறவே இல்லை.

விஜயகலா மறுபேச்சுப் பேசவில்லை. ஆனால் கிளினிக் போய் வரும்போதெல்லாம் பஸ் கண்டக்டர் பேச்சு வர ஆரம்பித்தது. பேர் ருவனாம். ஏறினதும் சீட் பிடித்துக் கொடுப்பானாம். “நங்கி” என்று தங்கச்சி மாதிரித்தான் கூப்பிடுவானாம். அந்த ‘மாதிரி’தான் அழகமுத்துவின் தூக்கத்தைக் கெடுத்தது. பார்க்காத ருவனுக்கு அவனே சுருட்டை முடி வைத்தான், வெள்ளைப் பல் வைத்தான், கடைசியில் ஒரு மீசையும் வைத்துவிட்டான்.

ஆண் பிள்ளை பிறந்தது. என்ன பேர் வைக்கலாம் என்று கேட்டான்.

“ருவன்னு வைப்போமே. அர்த்தம் நல்லா இருக்காம்,” என்றாள்.

அழகமுத்துவின் வயிற்றுக்குள் புகை மூட்டம் போட்டது. கெட்ட அர்த்தம் ஒன்று அகப்படாதா என்று கடைத்தெருவுக்கு ஓடினான். துணிக்கடை பாறூக் நானாவுக்கு மூன்று பாஷை தெரியும். சிங்களத்தில் ருவன் என்றால் இரத்தினக்கல், அரபியில் யாகூத் என்று வைப்பார்கள், அதுவும் கல்தான் என்றார் நானா. அர்த்தமும் அந்தப் பாவியின் பல் மாதிரியே மின்னியது. தன் பேரில் இருக்கும் முத்துக்கு அரபியில் என்ன என்று கேட்டான். லுஃலுஃ என்றார் நானா. சொல்லிப் பார்த்தான். நாக்கு சுளுக்கிக்கொண்டது.

திரும்பும் வழியில் யோசனை பிறந்தது. அர்த்தம் இருக்கட்டும், ருவன் தொலையட்டும்.

வீட்டுக்கு வந்து, அதையே தமிழில் வைப்போம் என்றான். மணி? பக்கத்துக் காம்பறா வீட்டு நாய்க்கு அந்தப் பேர் என்றாள். ரத்தினம்? குடித்துவிட்டுச் சாக்கடைக் கானில் கிடக்கிற ரத்தினம் மாதிரியா என்று கேட்டாள். பேசாமல் ருவனே இருக்கட்டும் என்று பெருமூச்சும் விட்டாள்.

“மாணிக்கம்,” என்றான் அழகமுத்து.

“எங்கப்பா பேரு கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க?”

“இப்பவும் நான்தான் சொல்றேன்.”

புருஷன் பேச்சைத் தட்டத் தெரியாதவள் போல விஜயகலா தலையைக் குனிந்துகொண்டாள். பேர் வைத்த அன்று மாமனார் கண்கலங்கி மாப்பிள்ளையைக் கட்டிப் பிடித்தார். அது கூட அழகமுத்துவுக்கு இனிக்கத்தான் செய்தது.

பிள்ளைக்கு ஊசி போடும் நாளில் அவனும் கூடவே புறப்பட்டான். ருவன் முகத்துக்கு நேரே மகன் பேரைச் சொல்ல வேண்டும். கிளினிக் போகும் அந்த பஸ்ஸில் டிக்கட் கொடுக்க வந்தவரோ பல் போன, தலை நரைத்த கிழவர். ருவன் இன்றைக்கு வரவில்லையா என்று அவரிடம் சிங்களத்தில் கேட்டான்.

கிழவர் தலையைச் சொறிந்தார். ருவன் என்று யாரும் இல்லையே தம்பி, இந்த பஸ் ஓட ஆரம்பித்த நாளிலிருந்து கண்டக்டர் சோமபால நான்தானே என்றார்.

அழகமுத்து மெதுவாகப் பெண்டாட்டி பக்கம் திரும்பினான்.

“டிக்கட்ட வாங்குங்க, மாணிக்கத்து அப்பா,” என்றாள் விஜயகலா.