ஈப்போ துணிக்கடையில் ஒரு பெரட்டு

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் இன்றுவரை ஒருத்தரும் நிரந்தரமாகத் தொலைந்துபோகாமல் இருப்பதற்குப் பெரட்டக்காதான் காரணம். இதை நான் எந்தக் கோயிலில் வேண்டுமானாலும் கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்வேன்.

ஆயர் தாவாரில் கோழியை வெட்டிச் சுத்தம் செய்து பொட்டலம் போடும் தொழிற்சாலை ஒன்றில் நான், விமலா, நூர்ஜான் மூவரும் பேக்கிங் பகுதியில் வேலை செய்கிறோம். விமலாதான் எங்கள் லைன் லீடர். அந்தத் தொழிற்சாலை வாசலில் மேசை போட்டு நாசி லெமாக் என்கிற தேங்காய்ப்பால் சோறு விற்பவர் பெரட்டக்கா. வயது அறுபதைத் தாண்டியிருக்கும். குட்டையான உருவம். குரலை மட்டும் கடவுள் வேறு யாரோ ஆறடி ஆளுக்குச் செய்து, விலாசம் மாறி இவருக்கு அனுப்பிவிட்டார்.

பெரட்டு என்றால் என்னவென்று இப்போதைய பிள்ளைகளுக்குத் தெரியாது. ரப்பர் தோட்டத்தில் விடிவதற்கு முன் ஆட்களை வரிசையாக நிற்கவைத்துப் பேர் கூப்பிடுவார்கள். "இருக்கேன்" என்று குரல் கொடுத்தவருக்குத்தான் அன்றைக்கு வேலை. தோட்டங்கள் போயின, பெரட்டும் போயிற்று. பெரட்டக்காவைவிட்டு மட்டும் போகவில்லை. நாலு பேர் சேர்ந்து ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு நகர்ந்தால் நடுவில் நின்று, "பெரட்டு!" என்று ஒரு சத்தம் போடுவார். பிறகு ஒவ்வொரு பேராக வரும். பதில் சொல்லாமல் ஒரு அடி எடுத்து வைக்க முடியாது. நாம் அவர் கண்ணுக்கு முன்னாலேயே நின்றாலும் சரி, சொல்லித்தான் ஆகவேண்டும்.

வருடம் முழுக்க அவருக்கு அந்த மேசையும் ஒரு வாடகை வீடும்தான் உலகம். கணவர் போய்ச்சேர்ந்து வெகுகாலம். பிள்ளைகள் இல்லை. தீபாவளிக்கு முன்னால் விமலாவின் மைவி காரில் எங்களோடு ஈப்போ போய், குனோங் ராபாட்டில் பிஸ்கட் வாங்கி, லிட்டில் இந்தியாவில் வாழையிலைச் சாப்பாடு சாப்பிட்டு, துணி எடுத்துக்கொண்டு திரும்புவதுதான் அவருடைய ஒரே ஊர்சுற்றல். அடுத்த தீபாவளிவரை அதையேதான் பேசிக்கொண்டிருப்பார். அந்த ஒரு நாளுக்குத்தான் ஆபத்து வந்தது. ஆபத்தை இழுத்துக்கொண்டதும் அவரேதான்.

போன வருடப் பயணத்தில் அவர் செய்த அட்டகாசங்களைக் கேளுங்கள். பேரங்காடிக் கழிவறைக்குப் போனோம். நான் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்த மறு நொடி வெளியிலிருந்து, "வாசுகி!" என்று இடி இடித்தது. பேசாமல் இருந்து பார்த்தேன். விடவில்லை. உள்ளே இருந்தபடியே, "இருக்கேன்!" என்றேன். பக்கத்துக் கதவுக்குள் இருந்த ஒரு மலாய்க்காரப் பெண்மணி பயந்துபோய்த் தன் பேரையும் சொல்லிவிட்டார்.

பிறகு சாப்பாடு. நூர்ஜான் இருப்பதால் நாங்கள் எப்போதும் முஸ்லிம் கடைக்குத்தான் போவோம். உட்கார்ந்து இலை போட்டாயிற்று. சோறு வருவதற்குள் பெரட்டக்காவுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. "பெரட்டு!" என்றார். பரிமாறும் அண்ணன் அந்தச் சத்தத்தில் ஆடிப்போய், சமையலறைப் பக்கம் திரும்பி, "ஆட்டுப் பெரட்டல் நாலு!" என்று கத்தினார். கொஞ்ச நேரத்தில் நாலு தட்டு ஆட்டுப் பெரட்டல் ஆவி பறக்க மேசைக்கு வந்தது.

"என்னா தம்பி இது? நான் பெரட்டுதானே சொன்னேன். பெரட்டலா சொன்னேன்?"

"அக்கா, இந்தக் கடையில வந்து பெரட்டுன்னு கத்துனா வேற என்னாக்கா கொண்டாரது? ஆடு வேணாம்னா கோழில மாத்திக் குடுக்கவா?"

"ஐயோ அண்ணே, வேணாம்!" என்று நூர்ஜான் அலறினாள். "கோழி மொகத்துல முழிக்கக் கூடாதுன்னுதான் இவ்ளோ தூரம் வந்துருக்கோம்."

பெரட்டல் பிரமாதமாக இருந்தது. வழித்துச் சாப்பிட்டோம். அதோடு விட்டிருந்தால் விமலாவும் மன்னித்திருப்பாள். ஆனால் மறுபடியும் பேரங்காடிக்குள் நுழைந்து, நகரும் படிக்கட்டின் உச்சியில் இறங்கிய கையோடு, வழியை மறித்துக்கொண்டு அக்கா பெரட்டைத் தொடங்கினார். பின்னால் வந்த கூட்டம் ஒருவர்மேல் ஒருவராக முட்டிக்கொண்டது. "விமலா!" என்று அவர் கூப்பிட்ட நேரத்தில், முட்டிய கூட்டத்துக்குள்ளிருந்து ஒரு கை மட்டும் மேலே எழும்பி, "ஹாடிர்!" என்றது. மலாய்ப் பள்ளிப் பிள்ளைகள் வகுப்பில் பேர் கூப்பிட்டால் 'இருக்கேன்' என்பதற்குச் சொல்கிற மாதிரி. யாரென்று பார்த்தால் எங்கள் சீனச் சூப்பர்வைசர். குடும்பத்தோடு வந்திருந்தார்.

திங்கட்கிழமை விமலா தொழிற்சாலைக்குள் நுழைந்ததும் பேக்கிங் பகுதியே எழுந்து நின்று, "ஹாடிர்!" என்றது. வருடம் முழுக்க அது ஓயவில்லை. பாவம், அவள் கண்டிப்பான ஆள் என்று பேரெடுக்க எவ்வளவோ பாடுபட்டவள்.

அதனால்தான் இந்த வருடம் தீபாவளி நெருங்கியதும் விமலா நேராக நாசி லெமாக் மேசைக்குப் போனாள். நானும் கூடவே போனேன்.

"அக்கா, இந்தத் தடவ பெரட்டு கிரட்டுன்னு வாயத் தொறந்தீங்க, அடுத்த வருசம் கார்ல எடம் கெடையாது. இப்பவே சொல்லிட்டேன். மாலு லா அக்கா, எனக்கு மொகத்த வெளிய காட்ட முடியல."

பெரட்டக்கா பொட்டலம் மடிப்பதை நிறுத்தவில்லை. "சரிலா. தொறக்கல," என்றார். சொன்னாரே தவிர முகம் விழுந்துவிட்டது. எனக்குக் கொடுத்த பொட்டலத்தில் மிளகாய்ச் சம்பல் வைக்கவே மறந்துபோனார்.

வாக்குக் கொடுத்தவர் அதைக் காப்பாற்றப் பட்ட பாட்டை நான் பார்க்கச் சகிக்கவில்லை. குனோங் ராபாட்டில் பிஸ்கட் கடையைவிட்டு வெளியே வந்ததும் அவர் உதடு மட்டும் முணுமுணுவென்று அசைந்தது. சத்தம் வரவில்லை. சாப்பாட்டுக் கடையில் தண்ணீரைக் குடித்துக் குடித்து வாயை அடைத்துக்கொண்டார். போன வருடத்து அண்ணனே ஓடிவந்து, "அக்கா, பெரட்டா?" என்று ஆசையாகக் கேட்டார். பெரட்டக்கா விமலாவை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "மீன் கொழம்பு," என்றார்.

லிட்டில் இந்தியாவில் அந்தப் பெரிய துணிக்கடைக்குள் நுழைந்ததும் அவருக்கு ஒரு யோசனை தோன்றிவிட்டது. என் கைத்தொலைபேசி அலறியது. எடுத்தேன்.

"வாசு, எங்க இருக்க?"

"ஒங்க பக்கத்துலதாக்கா நிக்கிறேன்."

"சரி, வச்சிரு." அடுத்து நூர்ஜானை அழைத்தார். அவள் அவருக்கு மறுபக்கம் நின்றிருந்தாள்.

கடையில் எள் போட்டால் கீழே விழாத கூட்டம். தெரு முழுக்கப் பலகாரக் கடைகளும் பட்டாசுக் கடைகளும், கடைக்கு ஒரு ஒலிபெருக்கியும். விமலா ஒரு சுடிதாரைப் போட்டுப் பார்க்கிறேன் என்று கைப்பையையும் தொலைபேசியையும் என்னிடம் கொடுத்துவிட்டுப் போனாள். போனவள் போனவள்தான். அந்த நேரம் பார்த்து வெளியே ஈப்போ மழை பிடித்துக்கொண்டது. ஓர் இடி. கரண்டு போயிற்று.

இருட்டில் அவனவன் தன் ஆளைத் தேடிக் கத்த ஆரம்பித்தான். குழந்தைகள் அழுதன. யாரோ என் காலை மிதித்துவிட்டு என்னையே திட்டினார்கள். நாங்களும், "விமலா! விமலா!" என்று கத்தினோம். அந்த இரைச்சலில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. நூர்ஜான் கைத்தொலைபேசி வெளிச்சத்தில் துணிமாற்றும் அறைகளை ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு வந்தாள். ஒன்றிலும் ஆள் இல்லை. விமலாவுக்கு இருட்டென்றால் பயம் என்பது எங்களுக்குத் தெரியும். குளிர் அறையில் விளக்கு அணைந்த ஒரு நாள் அவள் மயங்கி விழுந்து, நாங்கள்தான் தூக்கி வந்தோம்.

பெரட்டக்கா என் கையைப் பிடித்தார்.

"வாசு, போடவா?"

"என்னாத்தக்கா?"

"பெரட்டு. போட்டா அடுத்த வருசம் அவ என்னைய கார்ல ஏத்த மாட்டா லா."

எனக்குக் கோபமும் அழுகையும் ஒன்றாக வந்தன. "போடுங்கக்கா! மொதல்ல அவ வரட்டும்!"

காலையிலிருந்து அடக்கி வைத்தது மொத்தமும் வெளியே வந்தது.

"பெரட்டூ!"

கடை அப்படியே அடங்கிப்போயிற்று. அழுத பிள்ளைகூட வாயை மூடிக்கொண்டது. அந்த அமைதிக்குள் அக்கா, "விமலா!" என்று கூப்பிட்டார்.

"இருக்கேங்க!" என்றது ஓர் ஆண்குரல், வேட்டி அடுக்கிய பக்கத்திலிருந்து. நிச்சயமாக அவர் விமலா இல்லை. பெரட்டு என்ற சத்தத்தைக் கேட்டதும் வாய் தானாகச் சொல்லிவிட்டது என்று பிறகு வெட்கப்பட்டுக்கொண்டு சொன்னார். அவரைத் தொடர்ந்து ஜாக்கெட் துணிப் பக்கம் ஒரு "இருக்கேன்". கல்லாவுக்கு அருகில் ஒரு "இருக்கேன்". வாசலில் மழைக்கு ஒதுங்கியிருந்த ஒருவர், "எந்தத் தோட்டம்மா?" என்று விசாரித்தார். நிஜமாகவே விமலா என்று பேருள்ள வேறு ஒரு பெண்ணும் கையைத் தூக்கினாள்.

"வேற ஆளுங்க சும்மா இருங்க! ஆயர் தாவார் விமலா!"

மேலே எங்கேயோ இருந்து மெல்லியதாக ஒரு குரல் வந்தது. "இருக்கேன்க்கா... மாடில... கதவு தொறக்க மாட்டேங்குது..."

கீழே அறைகள் நிறைந்திருந்ததால் மாடிக்கு அனுப்பியிருக்கிறார்கள். சரக்கு வைக்கும் அறைக்குள் நின்று துணி மாற்றியிருக்கிறாள். தாழ்ப்பாள் இறுகிக்கொண்டது. கடைக்காரப் பையன்கள் ஓடிப்போய்க் கதவை இடித்துத் திறந்தார்கள். முக்கால்வாசி மாட்டிய சுடிதாரும், கழுத்துக்குப் பின்னால் ஆடும் விலை அட்டையுமாக விமலா படியிறங்கி வந்தாள். நேராக வந்து பெரட்டக்காவைக் கட்டிக்கொண்டு, விக்கி விக்கி அழுதாள். அக்காவோ, "நான் வேணும்னு போடலலா... வாசுதான் போடச் சொன்னா," என்று என்னை மாட்டிவிட்டார்.

ஊர் திரும்பினோம். விமலா ரோட்டைப் பார்த்தே ஓட்டிக்கொண்டிருந்தாள். பின் இருக்கையில் பெரட்டக்கா பிஸ்கட் பையை மடியில் வைத்துக்கொண்டு, தீர்ப்புக்குக் காத்திருப்பவர்போல உட்கார்ந்திருந்தார். பத்து காஜா ஊரைத் தாண்டியதும் சன்னலுக்கு வெளியே கையைக் காட்டினார்.

"இந்தா, இந்தப் பக்கந்தான் எங்க தோட்டம் இருந்துச்சு." அங்கே வரிசை வீடுகள் இருந்தன.

"ஒங்கப்பா கங்காணியாக்கா? அவருதான் பேரு கூப்புடுவாரா?" என்று விமலா முதல்முறையாக வாயைத் திறந்தாள்.

"எங்கப்பாவா? அவரு ரப்பர் மரத்துல பால் வெட்டுனவருலா. நான் அம்மாகூட மங்கு தொடைக்கப் போவேன். பால் பிடிக்கிற கிண்ணம் இருக்குல்ல, அது. வெள்ளன எந்திரிச்சு, தலையில துணியக் கட்டிக்கிட்டு, நானும் வரிசையில நிப்பேன். எல்லாரு பேரும் கூப்புடுவாங்க. எம்பேரு வராது. சின்னப் புள்ளன்னு பேரு ஏத்தல. வர்ற வருசம் ஏத்திருவோம்னாங்க. அதுக்குள்ள தோட்டத்த வித்துட்டாங்க." பிஸ்கட் பையின் வாயை இறுக்கிக் கட்டினார். "'இருக்கேன்'னு எப்புடிச் சொல்லணும்னு வீட்டுல சொல்லிச் சொல்லிப் பாத்து வச்சிருந்தேன். அவ்ளோதான்."

சாதாரணமாகத்தான் சொன்னார். சம்பல் காரம் தூக்கல் என்று சொல்லுகிற மாதிரி. இத்தனை வருடமாக இவர் எங்கள் எல்லார் பேரையும் கூப்பிடுகிறார். இவர் பேரை ஒருத்தரும் கூப்பிட்டதில்லை. "அக்கா, ரெண்டு பொட்டலம்" என்பதோடு சரி.

கொஞ்ச தூரம் தள்ளி எண்ணெய் நிலையம் ஒன்றில் நிறுத்தினோம். கழிவறைக்குப் போய்விட்டு வந்தால் விமலா கார்ச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு வெளியே நின்றிருந்தாள். கதவைத் திறக்கவில்லை.

"வரிசையா நில்லுங்க," என்றாள். நின்றோம். "பெரட்டு! வாசுகி!"

"இருக்கேன்."

"நூர்ஜான்!"

"இருக்கேன்."

அடுத்த பேருக்கு வாயைத் திறந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். அவளுக்குத் தெரியாது. நான் நூர்ஜானைப் பார்த்தேன். நூர்ஜான் என்னைப் பார்த்தாள். எங்கள் மூன்று பேருக்குமே தெரியாது.

"அக்கா... ஒங்க பேரு என்னாக்கா?"

பெரட்டக்கா சொன்னார். அவ்வளவு பெரிய குரல் உள்ளவர், காதோடு சொல்லுகிற மாதிரி சொன்னார். விமலா இரண்டடி பின்னால் போய், மூச்சை இழுத்து, அந்தப் பேரை எண்ணெய் நிலையம் முழுக்கக் கேட்கும்படி கூப்பிட்டாள்.

அக்கா பிஸ்கட் பையைத் தரையில் வைத்தார். முந்தானையை எடுத்துத் தலையைச் சுற்றிக் கட்டினார். நிமிர்ந்து நின்றார்.

"இருக்கேன்!"

எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். விமலா வெட்கப்படவில்லை.

அந்தப் பேரை இங்கே எழுதலாமா என்று அவரிடம் கேட்டேன். "எழுதாதலா, கூப்புடு, அது போதும்," என்றார். இப்போது தினமும் காலையில் வேலைக்கு உள்ளே போவதற்கு முன்னால், விமலா நாசி லெமாக் மேசையின் எதிரே நின்று ஒரே ஒரு பேரைக் கூப்பிடுகிறாள். பதில் வந்த பிறகுதான் நாங்கள் உள்ளே போகிறோம்.