பெட்ரோல் குடித்த கரண்டு வண்டி

புத்திசாலி என்று பெயரெடுக்க ஆசைப்படுகிறவன் வாயை மூடிக்கொண்டிருந்தாலே பாதி வேலை முடிந்துவிடும். எனக்கு அந்தப் பாதிகூட ஒருநாளும் முடிந்ததில்லை.

அப்போது தேனியில் கம்ப்யூட்டர் சென்டர் நடத்திக்கொண்டிருந்தேன். (மூன்று கம்ப்யூட்டர், அதில் ஒன்று வெறும் டப்பா.) கல்யாணமான புதிது. கல்யாணத்துக்கு மாமனார் பைக் வாங்கித் தருவதாகச் சொன்னபோது, கொள்கைக் குன்றாக நிமிர்ந்து மறுத்துவிட்டு, சொந்தக் காசில் பேட்டரி ஸ்கூட்டர் வாங்கினேன். மாவட்டத்தில் அப்படி ஒரு வண்டியைப் பார்த்தவர்களே குறைவு. யார் டீக்கடையில் நின்றாலும் பக்கத்தில் போய் நின்று, "பெட்ரோல் எல்லாம் இன்னும் கொஞ்ச நாள்தான்" என்று ஆரம்பிப்பேன். என் மனைவி செல்வராணி மெல்ல நகர்ந்து, அடுத்த கடை வாசலில் யாரோ போல நிற்பாள்.

ஆடி விருந்துக்கு ஓடைப்பட்டியில் இருக்கும் மாமனாரின் திராட்சைத் தோட்டத்துக்கு அழைப்பு வந்தது. பஸ்ஸில் போகலாம் என்றாள் செல்வராணி. கரண்டு வண்டியை வைத்துக்கொண்டு பஸ்ஸில் போவது விஞ்ஞானத்துக்கே அவமானம் என்று பதில் சொன்னேன்.

சின்னமனூர் தாண்டும்வரை விஞ்ஞானம் நன்றாகத்தான் ஓடியது. அதன்பிறகு ஆடிக்காற்று எதிரே வந்து நெஞ்சில் கைவைத்துத் தள்ளியது. நாங்கள் இரண்டு பேர், ஒரு பை பலகாரம், ஒரு சீப்பு வாழைப்பழம். வண்டி முனகிற்று, மெதுவானது, நின்றேவிட்டது. அண்ணாந்து பார்த்தேன். சாலையின் இரண்டு பக்கமும் காற்றாலைகள் வரிசையாகச் சுற்றி, ஊருக்கெல்லாம் மின்சாரம் தயாரித்துக்கொண்டிருந்தன. அவற்றின் காலடியில் கரண்டு இல்லாமல் நான்.

"மேல இருந்து ஒரு வயர இழுத்து விடச் சொல்லுங்க" என்றாள் செல்வராணி.

அந்த வழியாகப் போனவரிடம் தகவல் சொல்லிவிட, மாமனார் டிராக்டர் கொண்டுவந்தார். காலி திராட்சைப் பெட்டிகளுக்கு நடுவில் ஸ்கூட்டரைப் படுக்கவைத்து, அதைப் பிடித்தபடி நானும் டிப்பரில் உட்கார்ந்து, முதல் ஆடி விருந்துக்குச் சரக்காகப் போய் இறங்கினேன்.

தோட்டத்தில் கரண்டு இல்லை. அந்தப் பக்கத்து டிரான்ஸ்பார்மர் எரிந்துபோயிருந்தது. எப்போது மாட்டுவார்கள் என்று யாருக்கும் தெரியாது.

"வண்டி இங்கனயே கெடக்கட்டும் மாப்ள. சாயங்காலம் பஸ் ஏத்தி விடுறேன்" என்றார் மாமா.

அப்படியே செய்திருந்தால் இன்று இந்தக் கட்டுரைக்கு வேலையில்லை. மோட்டார் ரூம் மூலையில் சின்ன ஜெனரேட்டர் ஒன்று இருந்தது என் கண்ணில் பட்டுத் தொலைத்தது. எடுத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டேன். அவரும் தலையாட்டினார். பக்கத்தில் ஒரு கேனில் பெட்ரோலும் இருந்தது. அதைக் கேட்கவில்லை. (ஜெனரேட்டர் நம்முடையது என்றால் பெட்ரோலும் நம்முடையதுதானே. சட்டம்.)

கயிற்றை இழுத்து இழுத்துத் தோள்பட்டை கழன்ற பிறகு அது உயிர்பெற்றது. கோழிகள் பறந்து பந்தல் மேல் ஏறின. விருந்து தின்றுவிட்டுப் படுத்தவர்கள் எல்லாரும் எழுந்து உட்கார்ந்தார்கள். நான் சார்ஜரை மாட்டிவிட்டு, பச்சைக் குழந்தைக்குக் காவல் இருப்பவன்போலப் பக்கத்திலேயே இருந்தேன். வற்ற வற்ற கேனைச் சாய்த்து ஊற்றினேன்.

மாமா வந்து வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

"மாப்ள, இந்த மிஷினு என்னத்தக் குடிக்குது?"

"பெட்ரோல் மாமா."

"குடிச்சிட்டு?"

"கரண்டு தரும்."

"அந்தக் கரண்ட வண்டி குடிக்கும்."

"ஆமா மாமா."

"அப்பப் பெட்ரோல நேரா வண்டியிலயே ஊத்துனா என்ன?"

"அது முடியாது மாமா. இது பெட்ரோலே தேவையில்லாத வண்டி."

அவர் மறுபடி தலையாட்டினார். உள்ளே செல்வராணி அவள் அம்மாவிடம், "நான் சொன்னப்ப நம்பலீல்ல" என்று சொல்வது, அந்தச் சத்தத்திலும் எனக்குத் தெளிவாகக் கேட்டது.

நாங்கள் வந்து இறங்கியதிலிருந்து விழுந்துகொண்டிருந்த சாரல் அந்த நேரம் பார்த்து நின்றது. வெயில் எட்டிப் பார்த்தது. மாமா வானத்தைப் பார்த்துவிட்டுப் பரபரப்பானார். கொடியில் காய் பிடித்திருந்த சமயம். இந்த ஈரத்தோடு விட்டால் பூஞ்சை விழுந்துவிடும், உடனே மருந்தடிக்க வேண்டும். மருந்தைக் கலந்து, ஸ்பிரேயரை முதுகில் மாட்டப்போனவர், கேனைத் தூக்கிப் பார்த்தார். அது காற்றில் ஆடியது.

ஸ்பிரேயர் ஓடுவது பெட்ரோலில்.

அவர் கேனைக் கவிழ்த்து ஒரு தட்டுத் தட்டிவிட்டுக் கீழே வைத்தார். திட்டியிருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும். "சின்னமனூர் பெட்ரோல் பங்குக்கு நான் போறேன் மாமா, பாதி சார்ஜ் ஏறியிருக்கு" என்றேன்.

"டிராக்டர எடுக்கேன் மாப்ள."

"வேண்டாம் மாமா. இதுல போனா சீக்கிரம்."

போகும்போது காற்று பின்னாலிருந்து தள்ளியது. பறந்தேன். அந்தச் சில நிமிடங்கள் என் கண்டுபிடிப்புகள் எல்லாம் சரி என்றே தோன்றியது. பங்கு வாசலில் வண்டி படுத்துவிட்டது. உள்ளே உருட்டிக்கொண்டு போனேன்.

பெட்ரோல் போடும் அக்கா குழாயை எடுத்துக்கொண்டு, "டேங்க் மூடி எங்கன இருக்கு தம்பி?" என்றார்.

"இது கரண்டு வண்டிங்க்கா. கேன்ல போடுங்க."

"கரண்டு வண்டிக்குப் பெட்ரோல் எதுக்கு?"

உண்மையைச் சொன்னேன். அவர் குழாயைக் கையில் பிடித்தபடியே, அடுத்த பம்பில் நின்றவரைக் கூப்பிட்டு, "இங்கன வந்து இவரு சொல்றதக் கேளேன்" என்றார். நான் மறுபடி சொன்னேன். லாரி டிரைவர் ஒருவர் இறங்கி வந்ததால் மூன்றாவது முறையும் சொல்லவேண்டியதாயிற்று.

டெலிபோன் பூத்திலிருந்து தகவல் சொல்லி, மாமா டிராக்டரோடு வந்து சேர்வதற்குள் சாரல் மறுபடி பிடித்துக்கொண்டது. ஒரே நாளில் இரண்டாம் முறை டிப்பரில் ஏறினேன். இந்தமுறை மடியில் பெட்ரோல் கேன். மருந்து மறுநாள்தான் அடிக்க முடிந்தது. மேற்குப் பக்கத்துக் கொடிகளில் பாதிக் காய் கறுத்துப்போனது. அடுத்த ஆடிக்கு முன்னாலேயே மாமா ஒரு பைக்கை அனுப்பிவைத்தார். கொள்கை பேசாமல் சாவியை வாங்கிக்கொண்டேன்.

சம்பவம் அதோடு முடிந்திருக்கலாம். ஊர் விடவில்லை. சுற்றி வளைத்து வேலை செய்கிற யாரையும், "மாப்ள சார்ஜ் போட்டாப்ல" என்று சொல்கிற வழக்கம் ஓடைப்பட்டியில் ஆரம்பித்து, பள்ளத்தாக்கு முழுக்கப் பரவிவிட்டது.

போன மாதம் நானும் செல்வராணியும் பஸ்ஸில் போனோம். சாலை வேலையால் பஸ் ஊரைச் சுற்றிப் போனது. முன் சீட்டில் இருந்த பெரியவர் திரும்பி, "மாப்ள சார்ஜ் போட்டாப்ல போறான் பாருங்க" என்றார்.

"யாருங்க அந்த மாப்பிள்ளை?" என்று தெரியாதவன்போலக் கேட்டேன்.

"இங்கனதான், யாரோ ஒரு கிறுக்கு. அந்த வண்டியிலயே கரண்டு அடிச்சுச் செத்துப்போனதாச் சொன்னாக."

செல்வராணி முன்னால் குனிந்தாள். "அவரு பொண்டாட்டி?"

"அதுதான் பாவம்மா. தங்கமான பிள்ளைன்னு சொன்னாக."

அவள் அதன்பிறகு ஊர் போய்ச் சேரும்வரை ஜன்னலோரம் சாய்ந்து, அவ்வளவு நிம்மதியாகச் சிரித்துக்கொண்டே வந்தாள்.