போடாத பொத்தான்

மாஸ்டரின் சட்டையில் மேல் பொத்தான்கள் இரண்டும் போடப்படாமல் இருந்தன. அவர் பொத்தானைப் பார்த்தார். பணிப்பெண் அவரைப் பார்த்தாள். இரண்டு பேரும் அசையவில்லை.

"அவசரமே இல்ல மாஸ்டர்," என்றாள் அவள்.

"எனக்கும் இல்லம்மா," என்றார் அவர் அன்பாக.

முதியோர் இல்லத்தில் வேலைக்குச் சேர்ந்த அன்றே அவள் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டாள். மூன்று பிள்ளை வளர்த்த கை அது. யார் வாயைத் திறந்தாலும் ஊட்டிவிடும். கொட்டாவி விட்ட ஒரு பெரியவருக்கும் ஊட்டிவிட்டது.

மேலாளர் அம்மா தனியே கூப்பிட்டுச் சொன்னார்: "அவங்க குழந்தைங்க இல்லம்மா. தன் வேலையைத் தானே செஞ்சுக்கறதுலதான் அவங்க மரியாதை இருக்கு. கேட்டா மட்டும் உதவுங்க. மாசக் கடைசியில பாத்துட்டுத்தான் உங்க வேலையை நிரந்தரம் பண்ணுவேன்."

அன்றிலிருந்து அவள் கைகள் முதுகுக்குப் பின்னால் போய்விட்டன.

ஆனால் மாஸ்டர்தான் புதிராக இருந்தார். ஊரில் பாதிப் பேருக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தவர். "அவரைப் பத்திக் கவலையே படாத, சவரம்கூட தானே பண்ணிக்குவார்" என்று சொல்லிவிட்டுத்தான் பழைய பணிப்பெண் போனாள். அப்பேர்ப்பட்டவர் இவளைக் கண்டதும் பொத்தானில் நின்றுவிட்டாரே, ஏன்?

ஒரு யோசனை வந்தது. தன் ஸ்வெட்டரைக் கழற்றி, அவர் எதிரிலேயே மாட்டி, பொத்தான் பொத்தானாகப் போட்டுக் காட்டினாள்.

மாஸ்டர் கண்ணிமைக்காமல் பார்த்தார். "சபாஷ். கை நடுங்கவே இல்லையே."

"அப்ப நீங்களும் ஒரு தடவை..."

"ஒண்ணொண்ணா வரும்மா. இன்னிக்கு இது போதும்."

பக்கத்துக் கட்டிலில் ஒரு செய்தித்தாள் லேசாகக் குலுங்கியது. அதற்குப் பின்னால் இருந்தவர் மாஸ்டரின் அறைத்தோழர்.

மறுநாள் ஷூ கயிறும் அவிழ்ந்து கிடந்தது. அவள் எங்கெங்கோ தேடிக் கயிறில்லாத ஷூ ஒன்றைக் கொண்டுவந்து வைத்தாள். அடுத்த நாள் அதன் ஒட்டுப்பட்டையும் திறந்தே கிடந்தது. போதாததற்குத் தலையும் வாரியிருக்கவில்லை. யாரோ வேண்டுமென்றே கலைத்துவிட்டது போலிருந்தது.

சீப்பையும் கண்ணாடியையும் அவர் முன் வைத்தாள். "எது முதல்லன்னு நீங்களே முடிவு பண்ணுங்க மாஸ்டர்."

"நான் வாயே திறக்கமாட்டேன். நீங்களே யோசிங்க. தப்பாப் போனாலும் திட்டமாட்டேன்."

அன்று வீட்டில் கணவனைக் கேட்டாள். "நல்லா இருந்த ஆம்பிளைக்கு ஒரு வாரத்துல எல்லாமே மறந்துபோகுமாங்க?"

"என் துண்டு எங்க இருக்குன்னு எனக்கு இன்னிவரைக்கும் தெரியாது. நான் நல்லாத்தானே இருக்கேன்?"

அடுத்தது சூப். கிண்ணம் இருவருக்கும் நடுவில் இருந்தது. கரண்டியை யாரும் தொடவில்லை. ஆவி அடங்கி, மேலே ஆடை படியும்வரை மாஸ்டர் அவளைப் பார்த்துத் தலையாட்டி ஊக்கப்படுத்திக்கொண்டே இருந்தார். அப்போது வாசலில் மேலாளர் அம்மா வந்து நின்றார். அவளைத் தாழ்வாரத்துக்குக் கூப்பிட்டார்.

"சாப்பிடவும் முடியலையா? அப்ப மேல்மாடிக்குத்தான் மாத்தணும்."

மேல்மாடிக் கதவுகளுக்குத் தாழ்ப்பாள் கிடையாது. அங்கே குளிப்பாட்டுவதும் உடுத்திவிடுவதும் அடுத்தவர் கைதான். போனவர் யாரும் இறங்கி வந்ததில்லை.

"வேண்டாம் மேடம். நான் வர்றவரைக்கும் அவர் நல்லாத்தான் இருந்தார். என்கிட்ட ஏதோ கோளாறு. என்னை அனுப்பிடுங்க, அவரை அனுப்பாதீங்க."

"வேலை வேண்டாமா உங்களுக்கு?"

"வேணும். ஆனா அவர் அறை அவருக்கு இருக்கட்டும்."

மேலாளர் அம்மா பதில் சொல்வதற்குள் அறைத்தோழர் வாக்கரைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தார்.

"கொஞ்சம் வழி விடுங்கம்மா, பிஸ்கட் வாங்கப் போறேன். என் டப்பாவை மாஸ்டர் காலி பண்ணிட்டார்."

"அவருக்குத்தான் தானா சாப்பிட முடியலையே," என்றார் மேலாளர் அம்மா.

"யாருக்கு? தினம் காலையில சவரம் பண்ணி, தலை வாரி, பொத்தானெல்லாம் போட்டு ரெடியாயிடுவார். இந்தம்மா காலடிச் சத்தம் கேட்டதும் மளமளன்னு எல்லாத்தையும் கலைச்சுட்டு உக்காந்துக்குவார், கேட்டா, 'பாவம், புதுசா வந்திருக்காங்க, எதைத் தொடவும் பயப்படறாங்க, நாமளே செஞ்சுக்கிட்டா அவங்க எப்பத்தான் வேலை பழகறது'ங்கறார்."