எச்சில் இல்லாத தாலாட்டு

ராத்திரி குழந்தையின் அறையிலிருந்து என் கணவன் பாடும் சத்தம் கேட்டது. சுருதி சுத்தமாக இருந்தது. அதனால்தான் பயந்துபோனேன்.

டெல்ஃபினைத் தெரிந்தவர்களுக்கு இந்தப் பயம் புரியும். மரிகினா ஆற்றங்கரையில் எங்கள் தெருவில் அவன் வாயைத் திறந்து பாடினால் நாய்கள் எழுந்து அடுத்த தெருவுக்குப் போய்ப் படுக்கும். சில மாதமாகத்தான் சுருதி சேர்ந்து பாடுகிறான், அது எனக்கு இன்னும் பழகவில்லை. போதாக்குறைக்கு அன்று அவன் இரவு வேலைக்குப் போயிருந்தான். சோற்றுப் பொட்டலம் கட்டிக் கொடுத்து வாசல்வரை வந்து வழியனுப்பியவளே நான்தான். வேலைக்குப் போன மனுஷன் வீட்டுக்குள் பாடுகிறான், அதுவும் ஒழுங்காகப் பாடுகிறான் என்றால் நான் என்னவென்று நினைப்பது? ஒரு கையில் ஈர்க்குமாறு, மறு கையில் ஜெபமாலை. எது பலிக்கும் என்று தெரியாததால் இரண்டையும் நீட்டிக்கொண்டே கதவைத் தள்ளினேன்.

தொட்டிலுக்குப் பக்கத்தில், சோறாக்கும் குக்கர் பருமனில் ஒரு வெள்ளைப் பெட்டி உட்கார்ந்திருந்தது. வயிற்றில் பச்சை விளக்கு. அதுதான் என் கணவனின் குரலில் தாலாட்டுப் பாடிக்கொண்டிருந்தது. எங்கள் மகள் அமிஹானுக்கு இன்னும் முதல் பிறந்தநாள்கூட வரவில்லை. அவள் கண்ணை அகலத் திறந்து பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள். என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"எவ்வளவு புத்திசாலிக் குழந்தை," என்றது பெட்டி.

காலையில் டெல்ஃபின் வந்து விளக்கம் சொன்னான். நான் மீன் வறுத்துக்கொண்டிருந்த நேரத்தில் அவன்தான் கொண்டுவந்து வைத்திருக்கிறான். பெட்டி சில வாரம் வீட்டில் இருக்குமாம். குழந்தையோடு பேசிப் பழகுமாம். பிறந்தநாளன்று குழந்தையின் காதுக்குப் பின்னால், தோலுக்கு அடியில், அரிசி அளவில் ஒரு மணி வைப்பார்களாம். அதன்பிறகு பெட்டி தேவையில்லை. பெட்டியின் மூளை அப்படியே மணிக்குள் போய்விடும். ஒரே ஒரு நிபந்தனை. அதற்கு முன் குழந்தை ஒரு வாரம் தொடர்ந்து, அப்பா அம்மா யாரும் அறையில் இல்லாமல், பெட்டியோடு தனியாகத் தூங்கிப் பழக வேண்டும். பழகாத குழந்தைக்கு மணி வைக்க மாட்டார்கள்.

"மூணு வயசுல நாலு பாஷை பேசுவா, ஹத்தி," என்றான் என்னிடம்.

எனக்கு அப்போது வந்த யோசனை வேறு. காதுக்குள்ளேயே எல்லாவற்றுக்கும் பதில் இருக்கிற பிள்ளை, என்னிடம் என்னதான் கேட்கும்?

டெல்ஃபினுக்குப் போன மழைக்காலத்தில் மணி வைத்தார்கள். அதற்கு முன் அவன் வேறு மனுஷன். சீமைக்காரர்களின் துணி துவைக்கும் இயந்திரம் ஏன் சுற்றவில்லை என்று ராத்திரி முழுக்கத் தொலைபேசியில் கேட்டுக் கேட்டுத் தொண்டை கட்டி வருவான். சமையலுக்குப் புளிப்புக் காடி வாங்கி வரச் சொன்னால் சோயா சாஸ் வாங்கி வருவான். அதற்காக ஒரு சண்டை போடுவோம், சாயங்காலத்துக்குள் எதற்குச் சண்டை என்பதே இரண்டு பேருக்கும் மறந்துவிடும். எங்கள் ஊர் ஷேர் வண்டியான ஜீப்னியில் பின்னால் உட்கார்ந்தால் முன்னால் இருப்பவர்கள் கைக்குக் கை மாற்றிச் சில்லறையை ஓட்டுநரிடம் சேர்ப்பார்கள். அப்படி என் சில்லறையை என் கையிலிருந்து வாங்கும்போதுதான் டெல்ஃபினை முதலில் பார்த்தேன். மீதியை வேறு யாருக்கோ கொடுத்துவிட்டான். இப்போது யாரும் யார் கையையும் தொட வேண்டியதில்லை. ஏறினால் காதுக்குள் மணி பேசும், காசு தானாகப் போய்விடும்.

காதலித்த காலத்தில் ஊர்த் திருவிழாவில் கரோக்கே பெட்டியின் முன் நின்று எனக்காகப் பாடினான். பாட்டு முடிந்ததும் பெட்டி மதிப்பெண் காட்டியது. அவ்வளவு குறைவான மதிப்பெண்ணை அந்தத் தெரு பார்த்ததில்லை. டெல்ஃபின் அந்தப் பெட்டியோடு சண்டைக்குப் போனான். அவன் ஒரு இயந்திரத்தை எதிர்த்துப் பேசியது அதுதான் கடைசி.

மணி வந்தபிறகு அவன் எதையும் மறப்பதில்லை. காடி கேட்டால் காடியே வருகிறது. நான் எந்தச் சண்டையில் என்ன சொன்னேன் என்பதை, மழை பெய்துகொண்டிருந்ததா இல்லையா என்பது உட்பட, வரி பிசகாமல் ஒப்பிக்கிறான். பாடினால் மணி தொண்டையைத் திருத்திவிடுகிறது. சுருதி சேர்கிறது. அவன் பாடும்போதெல்லாம் வேறு யாரோ வீட்டுக்கு வந்திருப்பதுபோல் நான் நசுங்கிய தலையணையைச் சரிசெய்கிறேன்.

வேண்டாம் என்று ஒருநாள் சொல்லித்தான் பார்த்தேன். அவன் கத்தவில்லை. மெதுவாகத்தான் சொன்னான்.

"என்கூட அந்த ஃபோன் ஹால்ல வேலை பார்த்தவங்க எல்லாம் இப்ப எங்க இருக்காங்க, சொல்லு. மணி வெச்சவன் உள்ள. வெக்காதவன் வெளிய. என் பொண்ணு வெளிய நிக்கக் கூடாது."

அவன் சொன்னது நிஜம். அவனுக்கு அந்தப் பயம், எனக்கு இந்தப் பயம். நடுவில் குழந்தை கால் கட்டைவிரலைக் கடித்துக்கொண்டிருந்தது.

மூன்றாவது நாள் அமிஹான் அழ ஆரம்பித்தாள். வயிறு கல்போல உப்பியது, உடம்பு கதகதவென்றது. நான் அவள் வாய்க்குள் விரலை விட்டுப் பார்த்தேன். கீழ் ஈறில் ஒரு வெள்ளைப் புள்ளி. முதல் பல். யாரிடமும் சொல்லவில்லை. பொய் சொல்வது பாவம் என்று கான்வென்ட்டில் சிஸ்டர்கள் அடித்துச் சொல்லியிருக்கிறார்கள். வாயை மூடிக்கொண்டிருப்பதைப் பற்றி ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை.

குழந்தையைத் தூக்கிக்கொண்டு எதிர்வீட்டு ஆத்தே பூரிங்கிடம் போனேன். டெல்ஃபினின் அக்கா; அக்காவை நாங்கள் ஆத்தே என்போம். அம்மா இல்லாத வீட்டில் அவனைத் தூக்கி வளர்த்தவள். ரியாத்தில் தீவிர சிகிச்சைப் பிரிவில் வருஷக்கணக்கில் நர்ஸ். மனுஷனை உயிரோடு வைத்திருக்கிற எல்லா இயந்திரங்களோடும் பழகியவள். ஆனால் அவளுக்கும் ஊசோக் என்றால் ஊசோக்தான். வெளியாள் ஒருத்தர் குழந்தையைப் பார்த்து அழகு, கெட்டிக்காரி என்று சொல்லிவிட்டால் குழந்தைக்கு வயிறு உப்பும், உடம்பு காயும், அழும். சொன்னவரே கட்டைவிரலில் எச்சிலைத் தொட்டுக் குழந்தையின் வயிற்றில் வைத்து, "புவேரா ஊசோக்", அதாவது ஊசோக்கே வெளியே போ, என்று சொன்னால்தான் விலகும். எங்கள் தெருவில் இதைச் செய்யாமல் எந்தக் குழந்தையையும் யாரும் புகழ்வதில்லை. பாதிரியார்கூட.

ஆத்தே குழந்தையின் வயிற்றைத் தட்டினாள், நெற்றியைத் தொட்டாள், வாயைத் திறந்து பார்த்தாள். என்னையும் ஒரு பார்வை பார்த்தாள். "யார் புகழ்ந்தா?" என்று மட்டும் கேட்டாள்.

எங்கள் வீட்டுக்கு வந்து பெட்டியின் முன் நாற்காலி போட்டு உட்கார்ந்தாள்.

"குழந்தையப் பத்தி என்ன சொன்ன?"

"புத்திசாலி என்றேன். புகழ்ச்சி மூளை வளர்ச்சிக்கு நல்லது. நீங்கள் எவ்வளவு அக்கறையான அத்தை."

"என்னைப் புகழாத. எச்சில் வெச்சியா?"

பெட்டி கொஞ்சம் யோசித்தது. "எனக்கு எச்சில் கிடையாது," என்றது.

"எச்சில் இல்லாதவனுக்கு இத்தனை பேச்சு எதுக்கு?" என்றாள் ஆத்தே. "இது யாரோட குரல்?"

"குழந்தையின் அப்பாவுடையது."

"அப்ப அப்பாவோட எச்சில்."

பகல் தூக்கத்திலிருந்து எழுப்பப்பட்ட டெல்ஃபின் மணியைக் கேட்டுக் கேட்டு எதிர்வாதம் செய்தான். ஊசோக்குக்கு ஆதாரம் இல்லையாம். எச்சிலில் என்னென்ன கிருமி இருக்கிறது என்று பெயர் பெயராகச் சொன்னான். ஆத்தே முழுவதையும் பொறுமையாகக் கேட்டாள்.

"உன் வயித்துல எச்சில் வெச்சு உன்னை வளர்த்தவ நான்," என்றாள். "இல்லேன்னா மணி வெக்கறதுக்கு இன்னிக்கு உனக்குக் காது இருந்திருக்காது. விரலை நனை."

நனைத்தான். வைத்தான். புவேரா ஊசோக். பிள்ளைக்கு அந்த விரலின் சூடு பிடித்திருந்ததோ என்னவோ, அழுகை நின்றது. ஆத்தே எழுந்து போனாள். போகும்போதே, பெட்டி புகழும்போதெல்லாம் இது நடக்க வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அந்தப் பெட்டி கால் மணி நேரத்துக்கு ஒரு தரம் புகழும்.

மணி வைத்த மூளை சும்மா இருக்குமா? முதலில் பெட்டியிடம் புகழாதே என்றான். புகழ்வது தன் அடிப்படையிலேயே இருக்கிறது, எடுக்க முடியாது என்றது அது. "எவ்வளவு பொறுப்பான அப்பா" என்றும் சேர்த்துக்கொண்டது. புகழ்ந்த கையோடு "புவேரா ஊசோக்" சொல்ல அதற்குக் கற்றுக்கொடுத்தான். அழகாக உச்சரித்தது. எச்சில் எங்கே என்றாள் ஆத்தே. சரி, என் குரல்தானே வம்பு என்று யாரோ ஒரு நாடக நடிகரின் குரலுக்கு மாற்றினான். அப்படியானால் அந்த நடிகரைக் கூட்டிக்கொண்டு வா என்றாள். கடைசியாக வேலைக்குப் போகும்போது ஒரு கிண்ணத்தில் தன் எச்சிலைச் சேர்த்து, பஞ்சு போட்டு, மூடிவைத்து, நீயே தொட்டு வை என்று என்னிடம் நீட்டினான். நான் அதைக் கிடுக்கியால் பிடித்து ஆத்தேயிடம் கொண்டுபோனேன். அந்த நர்ஸ் அதைப் பார்த்து ஆடிப்போய்விட்டாள். ஊசோக் வேறு, கிருமி வேறு, எச்சில் சூடாக இருக்க வேண்டும், குழந்தைக்குப் பழைய சோறு போடுவாயா என்று தெருவே கேட்கத் தம்பியைக் கேட்டாள்.

டெல்ஃபின் பகல் வேலைக்கு மாற்றிக்கொண்டான்.

தான் இல்லாதபோது தாலாட்டுப் பாடுவதற்காக அவன் கொண்டுவந்த பெட்டி, தினமும் அவனைத் தொட்டில் பக்கத்தில் உட்காரவைத்தது. பெட்டி புகழும். இவன் விரலை நனைப்பான். சாயங்காலம் ஆரம்பித்தால் விடியும்வரை. ஒருமுறை எட்டிப் பார்த்தேன். நாற்காலியில் கட்டைவிரலை வாயில் வைத்தபடியே தூங்கிப்போயிருந்தான். தொட்டிலில் அவளும் அப்படியே. வீட்டில் இரண்டு குழந்தைகள் இருப்பதுபோல் இருந்தது. ஒரு வாரம் தனியாகத் தூங்க வேண்டிய மகள் ஒரு ராத்திரிகூடத் தனியாகத் தூங்கவில்லை. பிறந்தநாள் நெருங்கிக்கொண்டிருந்தது.

ஆனாலும் அவன் விடுகிறவன் இல்லை. கடைசி வாரம் பெட்டியின் வாயில் துணியை அடைத்து, புகழ்ச்சி வெளியே கேட்காமல் செய்துவிடலாம் என்று திட்டம் போட்டான். பாட்டும் கேட்காமல் போய்விடுமே என்றேன். அப்படியானால் தூங்கும்வரை பாட்டை நானே பாடுகிறேன், தூங்கியதும் வெளியே வந்துவிடுகிறேன் என்றான். அது நல்ல திட்டம்தான். பலித்துவிட்டால் மணி வந்துவிடும். பாத்திரம் கழுவப் போவதுபோல் போய்க் கதவோரம் நின்றேன்.

பாடினான். ஒரு சுரம் தப்பவில்லை. மகளுக்குப் பாட்டு பிடித்திருந்தது. சந்தோஷமாகத் தலையைத் திருப்பி, துணி அடைத்த பெட்டியைப் பார்த்துச் சிரித்தாள்.

டெல்ஃபின் குனிந்து அவள் முகத்துக்கு நேரே பாடினான். அவள் அவன் தோளுக்கு மேலாகப் பெட்டியைப் பார்த்தாள். தொட்டிலின் அந்தப் பக்கம் போய்ப் பாடினான். அவள் கழுத்தைத் திருப்பிப் பெட்டியைத் தேடினாள். அந்தக் குரல் அவளைப் பொறுத்தவரை பெட்டியினுடையது. நடுவில் யாரோ ஒருவர் வாயசைத்துக்கொண்டு மறைக்கிறார்.

அவன் பாட்டை நிறுத்தினான். பிறகு காதுக்குப் பின்னால் அழுத்திப் பிடித்தான். மணி வைத்த நாளிலிருந்து அவன் அதை அணைத்ததில்லை. மூக்குக்கண்ணாடியைக் கழற்றியவன்போல் கண்ணைக் கொட்டினான். தொண்டையைக் கனைத்துக்கொண்டு திருவிழாவில் எனக்குப் பாடிய அதே பாட்டை எடுத்தான். எடுத்த இடமே தப்பு. இரண்டாவது வரி மறந்துபோய் வேறொரு பாட்டின் வரியைச் செருகினான். மேலே போக வேண்டிய இடத்தில் குரல் கீழே விழுந்து உருண்டது.

வெளியே நாய்கள் எழுந்து நடக்கிற சத்தம் கேட்டது. எனக்குக் கண்ணில் நீர் முட்டியது. எவ்வளவு காலமாயிற்று.

அமிஹான் பெட்டியை விட்டுத் திரும்பினாள். இது எங்கிருந்து வருகிறது என்று அவன் வாயைப் பார்த்தாள். கையை நீட்டி அவன் கீழுதட்டைப் பிடித்துக்கொண்டு வாய்விட்டுச் சிரித்தாள்.

"ஹத்தி, இங்க வா. பல்லு."

போய்ப் பார்த்தேன். பல் நன்றாகவே வளர்ந்திருந்தது. மணி மட்டும் அணையாமல் இருந்திருந்தால், பல் எப்போது முளைக்கத் தொடங்கியிருக்கும், அழுகை எப்போது ஆரம்பித்தது என்று இரண்டையும் கூட்டிக் கழித்து அவன் ஆத்தேயும் நானும் மறைத்த குட்டை உடைத்திருப்பான். மணி அணைந்திருந்தது. அவன் வெறும் அப்பாவாக இருந்தான். எவ்வளவு அழகான பல் என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தான். சொல்லிவிட்டுத் தானாகவே விரலை நனைத்து அவள் வயிற்றில் வைத்தான்.

"இந்தப் பெட்டிய நாளைக்குத் திருப்பிக் குடுத்துடறேன்," என்றான். "கொஞ்சம் பெரியவளானதும் அவளே கேட்டா மணி வெப்போம். அவளுக்கு என் குரல் முதல்ல தெரியட்டும்."

உன் இஷ்டம் என்றேன். கான்வென்ட் வளர்ப்பு, கணவன் எடுத்த முடிவுக்குக் குறுக்கே நிற்கக் கூடாது.

துணியை எடுத்துவிட்டுப் பெட்டியைத் தூக்கிப்போய் வாசலுக்கு வெளியே, செருப்புகளுக்குப் பக்கத்தில் வைத்தான். கதவைச் சும்மா சாத்திவிட்டு வந்து விட்ட இடத்திலிருந்து பாட ஆரம்பித்தான். எதிர்வீட்டில் ஆத்தேயின் ஜன்னல் படாரென்று சாத்திக்கொண்டது.

பாட்டு முடிந்தது. பிறகு வெளியே செருப்புகளின் நடுவிலிருந்து, அவனுடைய குரலிலேயே, பெட்டி பேசியது.

"எவ்வளவு அருமையான பாட்டு, அப்பா."

டெல்ஃபின் என்னைப் பார்த்தான். சட்டையைத் தூக்கினான். கட்டைவிரலை நனைத்துத் தன் தொப்பையில் அழுத்தி வைத்துக்கொண்டான். எழுந்து போய்க் கதவுக்கு உள்ளே தாழ்ப்பாள் போட்டான்.